மணல்பெட்டி

என் பெயர் போஹுமீர்.
எங்கள் செக் மொழியில் முன்பாதிக்குக் கடவுள் என்று பொருள்,
பின்பாதிக்கு அமைதி.
இரண்டையும் நம்பாத அப்பா
கூப்பிட வாகாயிருக்கிறதென்று வைத்தார்.
பெயரில் குடியிருப்பவருக்கும் எனக்கும்
பேச்சுவார்த்தை கிடையாது.

ஓஸ்ட்ராவாவில் டிராம் பணிமனை.
எட்டாம் குழியில் நானும் ஹெட்விகாவும்;
வண்டிகளின் அடிவயிற்றைப் பார்க்கிற வேலை.
மதியம் சூப்புக் கிண்ணத்தின் முன்
அவள் கண் மூடுவாள்.
நாலு நொடி.
ரதெக் ஒருமுறை செல்போனில் அளந்தான்.
"ஆறிப்போனால் உங்காள் சுடவைப்பாரா?"
"அதற்குத்தான் மைக்ரோவேவ் இருக்கிறதே" என்று
சிரித்தாள்.
கோபித்திருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம்.

ஒரு துண்டுப் பிரசுரம் அவள் நீட்டியதில்லை.
ஒரு ஞாயிறு நாயோடு நடக்கையில் பார்த்தேன்:
கரிப்புகை படிந்த செங்கல் ஆலயம்,
மேலங்கி கழற்றாத ஒன்பது பேர்,
ஆர்கனில் ஒரு கட்டை ஊமை.
அந்தச் சுரம் வரும்போதெல்லாம்
பாட்டு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
இதற்காகவா என்று நினைத்தேன்.
நாய் உள்ளே போகப் பார்த்தது. இழுத்துக்கொண்டு வந்தேன்.

டிராமுக்கு மணல் வேண்டும், தெரியுமா உங்களுக்கு?
இருக்கைக்கு அடியில் பெட்டி.
தண்டவாளம் பனியில் வழுக்கும்போது
சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் தூவும்.
மணல் இருந்தால்
வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும்.

ஜனவரியில் ஓர் இரவு
ஆறு வண்டிகளுக்கு அவள் கையெழுத்திட்டாள்.
ஐந்தைத் திறந்து பார்த்திருந்தாள்.
ஆறாவதன் மூடி உறைந்துபோயிருந்தது,
விரல்களும்தான்.
'நிறைவு' என்று எழுதிவிட்டாள்.

அந்த வண்டி மறுநாள் முழுக்க ஓடியது.
பனிச்சறுக்குக் கட்டைகளோடு பள்ளிப் பிள்ளைகள்,
வாளியில் மீன் கொண்டுபோன ஒருவர்,
எல்லோரும் ஏறினார்கள், எல்லோரும் இறங்கினார்கள்.
ஒன்றும் ஆகவில்லை.
திரும்பியதும் நான்தான் திறந்தேன்.
காலி. மூலையில் ஒரு சிட்டிகை ஈரமணல்.
நிரப்பி மூடிவிட்டு அவளிடம் சொன்னேன்:
"விடு. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."
அவள் பார்த்த பார்வையில்
எண்ணிக்கையில் தவறிவிட்டேன் என்று புரிந்தது.

காலையில் மேலாளர் அறைக்குப் போனாள்.
"ஏனம்மா வந்தாய்" என்றார் அவர், பேனாவைத் தேடியபடி,
"இனி நான் எழுதியாகவேண்டும்."
மூன்று மாத ஊக்கத்தொகை போனது.
அதோடு விட்டதா?
ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு கையெழுத்து என்று
புது விதி வந்தது.
எங்கள் எல்லோருக்கும் குளிரில் அரைமணி நேரம் கூடுதல்.
அவள் அலமாரிக் கதவில் யாரோ
தகரத்தில் ஒளிவட்டம் வெட்டி ஒட்டினார்கள்.
(யாரோ இல்லை. தகரம் நான் கொடுத்தது.)
அவள் அதைப் பிய்த்தெறியவில்லை.
தொப்பி மாட்ட வைத்துக்கொண்டாள்.

"நான் நிரப்பியதையும் சொன்னாயா?" என்று கேட்டேன்.
"இல்லை" என்றாள். "அது உன் பெட்டி."

வேறொரு நாள், கைகழுவும் தொட்டியருகே,
கிரீஸ் போகாத கையோடு கேட்டேன்:
"எல்லா நாளும் நம்பமுடிகிறதா உன்னால்?"
யோசித்தாள்.
"செவ்வாய்க்கிழமைகளில் கஷ்டம்."
விளையாட்டா என்று முகத்தைப் பார்த்தேன்.
இல்லை.
எந்தச் செவ்வாயில் என்ன நடந்ததென்று
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
அன்றைக்கு அவள் மேல் எனக்கிருந்த எரிச்சலில்
ஏதோ ஒரு திருகு கழன்றது.

நான் மாறிவிடவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
வானத்தில் எனக்கு யாரும் இல்லை.
ஆலயத்துக்குப் போனதில்லை,
அந்த ஊமைக் கட்டையைச்
சரிசெய்யப் போன ஒரு சனிக்கிழமையைத் தவிர.
சரியாகவுமில்லை.

இன்று விடியற்காலை நாலரை.
ஹெட்விகா விடுப்பில்.
கடைசி வண்டியின் மூடி உறைந்திருக்கிறது.
இரண்டாம் கையெழுத்துக்கு வரவேண்டிய ரதெக்
"போட்டுடறேன், நீ போ" என்கிறான்.
குடுவையிலிருந்த தேநீரைப் பூட்டின்மேல் ஊற்றுகிறேன்.
ஆவி முகத்தில் அடிக்கிறது.
திறக்கிறது.
விளிம்புவரை மணல், உலர்ந்து, பழுப்பாக,
யாரும் தொடாத கரைபோல.

சும்மா நின்றேன் கொஞ்ச நேரம்.
ஜெபமில்லை அது.
கை சூடேறட்டுமென்று.
ரதெக் செல்போனை எடுத்தான்,
பிறகு, என்ன நினைத்தானோ,
பைக்குள் போட்டுக்கொண்டான்.